சரக்கு ரயில் எப்படித் தடம் புரள்கிறது? ஏறிய இடமும் விழுந்த இடமும்

சரக்கு ரயில் தடம் புரண்டதை நேரில் பார்த்தவர்கள் ஆயுசுக்கும் அதை மறப்பதில்லை. என்ஜின் ஓட்டியவர்கள், கடைசிப் பெட்டியில் இருந்த கார்டுகள், பாதையைப் பராமரித்த டிராக்மேன்கள் என்று ரயில்வேயிலேயே காலம் கழித்தவர்களோடு உட்கார்ந்தால் பேச்சு எப்படியும் அங்கே வந்து நிற்கும். கிட்டத்தட்ட எல்லாக் கதையும் ஒரே மாதிரிதான் தொடங்கும். "திடீர்னு ஒரு இழுப்பு. பிரேக் காத்து மொத்தமா இறங்கிடுச்சு. திரும்பிப் பார்த்தா பின்னால ஒரே புழுதி." அப்புறம் கவிழ்ந்து கிடந்த வேகன்கள், சிதறிய சரக்கு, விடிய விடிய நடந்த மீட்பு வேலை. கடைசியில் கேட்டுக்கொண்டிருக்கும் யாராவது ஒருவர் தீர்ப்பும் சொல்லிவிடுவார்: தண்டவாளம் உடைந்திருக்கும், வேகமாக ஓட்டியிருப்பார்கள், யாரோ எதையோ குறுக்கே வைத்திருப்பார்கள்.

அந்த நினைவுகளில் பொய் இல்லை. ஆனால் நினைவு தொடங்கும் இடத்தில் விபத்து தொடங்குவதில்லை. புழுதி கிளம்பிய இடத்துக்குப் பல நூறு மீட்டர் முன்னால், சில சமயம் கிலோமீட்டர் கணக்கில் முன்னால், ஒரே ஒரு சக்கரம் தண்டவாளத்தின் மேல் ஏறியிருக்கும். என்ஜினில் இருப்பவருக்கு அது தெரிந்திருக்காது. அந்த ஒரு சக்கரத்துக்கு என்ன ஆனது என்பதைத்தான் இந்தக் கட்டுரை சொல்லப் பார்க்கிறது.

சக்கரத்தைப் பாதையில் வைத்திருப்பது எது?

ரயில் சக்கரம் ஏதோ பள்ளத்துக்குள் பொருந்தி ஓடுகிறது, அதனால் விலகவே முடியாது என்று பலரும் நினைக்கிறோம். உண்மை அப்படி இல்லை. இரண்டு பேப்பர் கப்புகளை வாயோடு வாய் வைத்து ஒட்டுங்கள். நடுவில் பருத்தும் இரண்டு ஓரத்திலும் சிறுத்தும் ஒரு உருளை கிடைக்கும். இரண்டு குச்சிகளை இணையாக வைத்து அதன் மேல் இதை உருட்டிவிடுங்கள். ஒரு பக்கம் சற்று விலகினாலும் தானாகவே நடுவுக்குத் திரும்பிவிடும். விலகும் பக்கத்தில் பருத்த பகுதி குச்சியின் மேல் வருகிறது. அந்தப் பக்கம் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போய், உருளையைத் திருப்பிக் கொண்டுவருகிறது.

ரயில் சக்கரமும் இதே வேலையைத்தான் செய்கிறது. அதன் ஓடும் பரப்பு தட்டையாக இல்லாமல் லேசாகச் சரிந்திருக்கும், உள்பக்கம் பருமன் அதிகம். இரண்டு சக்கரங்களும் ஒரே ஆக்சிலில் இறுக்கிப் பொருத்தப்பட்டவை, சேர்ந்துதான் சுழலும். நேர்ப்பாதையில் இந்தச் சரிவே வண்டியை நடுவில் வைத்துக்கொள்கிறது.

சரிவு மட்டும் போதாத இடங்களுக்காக, முக்கியமாக வளைவுகளுக்காக, சக்கரத்தின் உள்பக்க ஓரத்தில் ஒரு மேடு இருக்கிறது. ரயில்வேக்காரர்கள் பிளாஞ்ச் என்பார்கள். நாம் விளிம்பு என்று சொல்வோம். அதன் உயரம் சுமார் 3 சென்டிமீட்டர்தான். நிறுத்தி வைத்த ஒரு வேகன் அருகே குனிந்து முதல்முறை இதைப் பார்த்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை. ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும் இரும்புப் பெட்டி, அதைத் தடத்தில் பிடித்து வைத்திருப்பது என் இரண்டு விரல் அகலம்கூட இல்லாத ஒரு மேடு. தேய்ந்து பளபளத்த அந்த விளிம்பை விரலால் தடவினால் கத்திமுனைபோல ஒரு கூர்மையும் தட்டுப்பட்டது.

இன்னொரு அளவையும் மனதில் வையுங்கள். சக்கரமும் தண்டவாளமும் தொட்டுக்கொள்ளும் இடம் ஒரு கைவிரல் நக அளவுதான். பத்து டன் பாரம் அந்த நக அளவு இடத்தில் இறங்குகிறது.

இதுவரை பார்த்தது: சக்கரத்தின் சரிவுதான் வண்டியை வழக்கமாக வழிநடத்துகிறது. விளிம்பு கடைசிக் காவல். அது 3 சென்டிமீட்டர் உயரம்தான்.

சக்கரம் எப்படி ஏறுகிறது?

சைக்கிள் ஓட்டும்போது நடைபாதையின் ஓரக்கல்லில் சக்கரத்தை உரசியிருக்கிறீர்களா? கல்லுக்கு இணையாக உரசிக்கொண்டே போனால் ஒன்றும் ஆகாது. கைப்பிடியைக் கல் பக்கமாகச் சற்றுத் திருப்பினால் டயர் கல்லைப் பற்றிக்கொண்டு மேலே ஏறப் பார்க்கும். உடல் எடையை நன்றாகச் சக்கரத்தின் மேல் கொடுத்தால் கீழேயே நிற்கும். எடையைக் குறைத்தால் ஏறிவிடும்.

தண்டவாளத்தில் நடப்பதும் இதுதான். வளைவில் சக்கரத்தை இரண்டு விசைகள் ஆள்கின்றன. ஒன்று பக்கவாட்டு விசை: விளிம்பைத் தண்டவாளத்தோடு சேர்த்துத் தள்ளுவது. மற்றது கீழ்நோக்கிய விசை: வண்டியின் பாரம். முதலாவது சக்கரத்தை ஏறச் சொல்கிறது, இரண்டாவது இறங்கி இருக்கச் சொல்கிறது. பக்கவாட்டு விசையைக் கீழ்நோக்கிய விசையால் வகுத்தால் வரும் எண்தான் இந்த விஷயத்தின் உயிர்நாடி.

அந்த எண் எவ்வளவு வரை போகலாம் என்று நாடால் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் நூறு வருடத்துக்கு முன்பே ஒரு சூத்திரம் கொடுத்தார். இன்றும் அதுதான் அடிப்படை. கணக்குக்குள் போக வேண்டாம், விடையை மட்டும் பார்ப்போம். விளிம்பு 70 டிகிரி செங்குத்தாக இருந்து, உராய்வு அதிகமாக, அதாவது 0.5 என்ற அளவில் இருந்தால், அந்த எல்லை ஏறக்குறைய 0.95. பக்கவாட்டு விசை பாரத்துக்குச் சமமாகும் நேரத்தில் சக்கரம் ஏறத் தொடங்கலாம். உராய்வு 0.3 ஆகக் குறைந்தால் எல்லை 1.3க்கு மேல் போய்விடும். வளைவுகளில் தண்டவாளத்தின் உள்பக்கவாட்டில் கிரீஸ் தடவுவது இதற்கும் உதவுகிறது. தேய்மானத்தைக் குறைக்க மட்டும் என்று பலர் நினைத்திருக்கிறார்கள். விளிம்பின் சரிவு 60 டிகிரியாக இருந்தாலோ, அதே 0.5 உராய்வில் எல்லை 0.66க்கு இறங்கிவிடும். அளவு தப்பிய விளிம்போடு ஓடும் சக்கரத்தை ரயில்வேக்காரர்கள் ஏன் அவ்வளவு பயத்தோடு பார்க்கிறார்கள் என்பது இதிலிருந்து புரியும்.

ஏறும் வேலை ஒரு நொடியில் முடிவதில்லை. விளிம்பு தண்டவாளத்தின் தலைமேல் ஏறி, அதன்மேலேயே சில மீட்டர் ஓடி, அந்தப் பக்கம் விழும்.

காலி வேகன் ஏன் ஆபத்தானது?

பாரம் ஏற்றிய வண்டிதான் கவிழும் என்பது பொதுவான எண்ணம். மேலே சொன்ன வகுத்தலை வைத்துப் பாருங்கள், கதை தலைகீழாகிவிடும். எட்டுச் சக்கர வேகன் ஒன்று காலியாக 22 டன், நிறைந்தால் 80 டன் என்று வைத்துக்கொள்வோம். நிறைந்த வேகனில் ஒரு சக்கரத்தின் மேல் 10 டன் இறங்குகிறது. காலி வேகனில் 3 டன்கூட இல்லை. அதே பக்கவாட்டுத் தள்ளல் இரண்டுக்கும் வந்தால் எது முதலில் ஏறும்?

அந்தத் தள்ளல் பெரும்பாலும் பக்கத்து வேகன்களிலிருந்தே வருகிறது. நீளமான சரக்கு ரயில் ஒரு இரும்புக் கம்பி அல்ல, சங்கிலி. முன்னால் காலி வேகன்கள், பின்னால் கனமானவை என்று கோத்து, வளைந்த மேட்டில் என்ஜின் பலமாக இழுத்தால், சங்கிலி நேராகப் பார்க்கும். நடுவில் இருக்கும் லேசான வேகன்களை வளைவின் உள்பக்கமாக இழுத்துவிடும். இதே வண்டி இறக்கத்தில் முன்பக்கம் திடீரென்று பிரேக் போட்டால் நிலைமை மாறும்: பின்னால் உள்ள பாரம் முன்னால் வந்து மோதி, லேசான வேகனை வெளிப்பக்கமாகப் பிதுக்கும். எந்த வேகன் எங்கே கோக்கப்பட்டது என்பதும் ஒரு காரணமாக முடியும் என்பதால்தான், யார்டில் வண்டி கோத்தவரின் நினைவும் விசாரணையில் முக்கியமாகிறது.

சுருக்கமாக: பாரம் சக்கரத்தைக் காக்கிறது. பாரம் குறைந்த இடத்தில் பக்கவாட்டு விசை வந்தால் ஏறுவது எளிது.

நாலு கால் மேசையும் முறுக்கிய பாதையும்

சமமில்லாத தரையில் நாலு கால் மேசையை வைத்தால் ஒரு கால் அந்தரத்தில் நிற்கும். மேசையில் கோளாறு இல்லை, தரைதான் முறுகியிருக்கிறது. ரயில் பாதையிலும் இப்படி நடக்கும். வளைவில் வெளித்தண்டவாளத்தைச் சற்று உயர்த்தி வைப்பார்கள். நேர்ப்பாதையிலிருந்து அந்த உயரத்துக்குப் படிப்படியாகப் போக வேண்டும். அந்தப் படி செங்குத்தாகிவிட்டாலோ, ஒரு பக்கம் ஜல்லி தளர்ந்து, தண்டவாளத்தைத் தாங்கும் ஸ்லீப்பர் கட்டைகள் அமுங்கிவிட்டாலோ, கொஞ்ச தூரத்துக்குள்ளேயே இரண்டு தண்டவாளங்களின் உயர வித்தியாசம் மாறிவிடும். இதுதான் முறுக்கு.

விறைப்பான சட்டமுள்ள வேகன் அங்கே வரும்போது மேசையின் கதை ஆகிறது. ஒரு மூலைச் சக்கரத்தின் மேல் பாரம் ஏறக்குறைய இல்லாமல் போகிறது. முந்தைய கணக்கில் கீழ்நோக்கிய விசை பூஜ்யத்தை நெருங்குகிறது. அப்போது மெல்லிய தள்ளலே போதும். இதில் வேகத்துக்குப் பெரிய பங்கே இல்லை. ஆள் நடக்கும் வேகத்தில் யார்டுக்குள் ஊர்ந்துகொண்டிருந்த வேகன்கூடத் தடத்தைவிட்டு இறங்கிவிடும். "நடந்துதான்யா போச்சு, அதுவும் இறங்கிடுச்சு" என்று பழைய ஆட்கள் சொல்வதை நம்பாமல் சிரிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் சொன்னது முழு உண்மை.

ஆடி ஆடி விழும் வண்டி

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நிதானமாகப் போவோம். "யானை நடக்கிற மாதிரி ஆடிக்கிட்டே வந்துச்சு, அப்புறம் அப்படியே சாய்ஞ்சிடுச்சு" என்று ஒரு கார்டு சொன்னால், அதில் ஒரு முழு இயற்பியல் பாடம் இருக்கிறது.

ஊஞ்சலை ஆட்டும்போது பலம் முக்கியமில்லை, நேரம்தான் முக்கியம். அது திரும்பி வரும் அதே நொடியில் ஒரு விரலால் தள்ளினாலும் ஒவ்வொரு தடவையும் ஆட்டம் கூடும். இதற்கு ஒத்ததிர்வு என்று பெயர். இப்போது பழைய பாதைகளுக்கு வருவோம். வட அமெரிக்காவில் தண்டவாளத் துண்டுகள் 39 அடி, அதாவது கிட்டத்தட்ட 12 மீட்டர் நீளத்தில் போல்ட் போட்டு இணைக்கப்பட்டன. இணைப்புகள் எதிரெதிரே வராமல், இடப்பக்கம் ஒன்று, 6 மீட்டர் தள்ளி வலப்பக்கம் ஒன்று என்று மாறி மாறி வரும். காலப்போக்கில் ஒவ்வொரு இணைப்பும் சற்று அமுங்கும். வண்டிக்கு அது இடது, வலது, இடது, வலது என்று விழும் சின்னச் சின்னத் தட்டு.

வேகனின் நாலு சக்கரங்களை ஒன்றாகத் தாங்கும் சட்டத்துக்கு போகி என்று பெயர். (பேச்சில் பெட்டியையே போகி என்கிறோம், இங்கே அது வேறு.) ஒரு வேகனுக்கு இரண்டு போகிகள். அவற்றின் இடைவெளியும் ஏறக்குறைய அந்த 12 மீட்டராக இருந்துவிட்டால் முன் போகியும் பின் போகியும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் இறங்கும். உயரமான, தானியம் நிறைந்த வேகன் ஒன்று மணிக்கு 20 முதல் 35 கிலோமீட்டர் வேகத்தில் அந்தப் பாதையில் போனால், தட்டு விழும் நேரமும் வேகன் தானாக ஆடும் நேரமும் ஒத்துப்போகும். ஊஞ்சல் தொடங்கிவிட்டது. ஆட்டம் கூடிக்கொண்டே போய், ஒரு பக்கச் சக்கரங்கள் தண்டவாளத்தை விட்டு மேலே எழும்பும். திரும்பி இறங்கும்போது விளிம்பு தண்டவாளத்தின் தலைமேல் இறங்கினால் வண்டி போயிற்று.

இந்த வேகத்தைவிட மெதுவாகப் போனால் ஆபத்து குறைவு. வேகமாகப் போனாலும் குறைவு. இரண்டுக்கும் நடுவில்தான் கண்டம். "மெதுவாகப் போனால் பத்திரம்" என்ற நம்பிக்கை இங்கே பொய்த்துப்போகிறது. இணைப்பே இல்லாமல் பற்றவைத்த நீள் தண்டவாளங்களும், ஆட்டத்தை அடக்கும் நல்ல ஸ்பிரிங் அமைப்புகளும் வந்த பிறகு இந்த வகை விபத்து குறைந்தது. ஆனால் பெரிய ரயில்வேக்கள் கைவிட்ட பழைய பாதைகளை வாங்கி ஓட்டும் பிராந்திய ரயில்வேக்கள் அங்கே நிறைய. போல்ட் இணைப்பு, மரக்கட்டை ஸ்லீப்பர், கொஞ்சமான ஜல்லி என்று ஓடும் அந்தப் பாதைகளில் இந்த ஆட்டக் கதை நெடுநாள் தொடர்ந்தது.

பாதை விலகினால், நெளிந்தால், உடைந்தால்

சக்கரம் மேலே ஏறித்தான் விழ வேண்டும் என்றில்லை. மரக்கட்டை உளுத்து, ஆணி பிடிப்பு விட்டுப்போனால் வண்டியின் பாரமே இரண்டு தண்டவாளங்களையும் வெளிப்பக்கமாகத் தள்ளும். இடைவெளி கூடியதும் சக்கரம் நடுவில் தொப்பென்று விழும்.

வெயிலும் சேர்ந்துகொள்ளும். 1 கிலோமீட்டர் இரும்புத் தண்டவாளம் 30 டிகிரி செல்சியஸ் சூடேறினால், தடையில்லாமல் விட்டால், சுமார் 36 சென்டிமீட்டர் நீளும். பற்றவைத்த பாதையில் நீள இடமில்லை. ஜல்லியும் கட்டைகளும் அதை இறுக்கிப் பிடித்திருக்கின்றன. பிடி தளர்ந்தால் தண்டவாளம் பாம்புபோல நெளிந்துவிடும். குளிரில் இது எதிர்ப்பக்கம் வேலை செய்யும்: சுருங்கப் பார்க்கும் இரும்பு, உள்ளே ஏற்கெனவே மயிரிழை விரிசல் இருந்தால் அங்கேயே உடையும்.

சில நேரம் பாதையில் எந்தக் கோளாறும் இருக்காது, வண்டியில்தான் இருக்கும். ஆக்சில் சுழல்வதைத் தாங்கும் பேரிங் கெட்டுப்போனால் சூடேறிப் பழுத்து, கடைசியில் ஆக்சில் முனையே அறுந்துவிடும். 2023 பிப்ரவரி 3 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஈஸ்ட் பாலஸ்டைன் என்ற இடத்தில் 38 வேகன்கள் தடம் புரண்டது இப்படித்தான். பாதையோரக் கருவிகள் அந்த பேரிங்கின் சூட்டை மூன்று இடங்களில் அளந்திருந்தன. சுற்றுப்புற வெப்பத்தைவிட முதலில் 21 டிகிரி அதிகம், அடுத்து 57, கடைசியில் 141. கடைசிக் கருவி அபாய அறிவிப்பு கொடுத்தபோது நேரம் கடந்துவிட்டது.

சுருக்கமாக: சக்கரம் ஏறலாம், எழும்பி இறங்கலாம், நடுவில் விழலாம், அல்லது அதைத் தாங்கும் ஆக்சில் உடையலாம். தடம் புரள்வது என்ற ஒரே சொல்லுக்குள் இத்தனை வழிகள் இருக்கின்றன.

"காரணம் என்ன?" என்ற கேள்வி

வேகம்தான் காரணம் என்று சொல்லத்தக்க விபத்துகளும் உண்டு. 2013 ஜூலை 6 அன்று கனடாவின் கியூபெக் மாகாணத்தில், லாக் மெகான்டிக் என்ற சிற்றூருக்குள் ஒரு பிராந்திய ரயில்வேயின் கச்சா எண்ணெய் வண்டி ஆளே இல்லாமல் உருண்டு வந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வேகம். 72 எண்ணெய் வேகன்களில் 63 தடம் புரண்டன. 47 பேர் இறந்தார்கள். அந்த வேகத்தில் வளைவைத் தாண்ட எந்தச் சக்கரத்தாலும் முடியாது.

சரி, வேகம் எங்கிருந்து வந்தது? இறக்கத்தில் நிறுத்தியிருந்த வண்டியின் என்ஜினில் தீப்பிடித்தது. தீயை அணைத்தபோது என்ஜினையும் நிறுத்தினார்கள். என்ஜின் நின்றதால் காற்று பிரேக்குக்குக் காற்று கொடுக்க ஆளில்லை. இருந்த காற்றும் மெல்லக் கசிய, பிரேக்கின் பிடி தளர்ந்தது. கையால் முறுக்கும் பிரேக்குகள் போட்டிருந்தது ஏழே ஏழு. அவ்வளவு பாரத்துக்கு அது போதவில்லை. கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்து முடித்தபோது 18 காரணங்களையும் துணைக்காரணங்களையும் எண்ணிச் சொன்னது. இதில் ஒன்றையோ ஓர் ஆளையோ மட்டும் எடுத்துக்கொண்டு "இதுதான் காரணம்" என்பவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. மற்ற பதினேழும் அடுத்த வண்டிக்காக அப்படியே காத்திருக்கும்.

தண்டவாளம் எழுதி வைக்கும் நினைவு

மனிதர்களின் நினைவு புழுதியிலிருந்து தொடங்குகிறது என்றேன். அதற்கு முன்னால் நடந்ததை இரும்பும் மரக்கட்டையும் எழுதி வைக்கின்றன. விளிம்பு மேலே ஏறினால் தண்டவாளத்தின் பளபளப்பான தலையில் குறுக்காக ஒரு மெல்லிய கீறல் விழும். உள்ஓரத்தில் தொடங்கி, சில மீட்டர் தூரம் சாய்வாகப் போய், வெளிஓரத்தில் முடியும். கீறல் தொடங்கும் புள்ளிதான் ஏறிய இடம்; முடியும் புள்ளி விழுந்த இடம். அதற்கப்புறம் வளைந்த போல்ட்டுகள், ஒவ்வொரு ஸ்லீப்பரிலும் வரிசையாக வெட்டுக்காயங்கள்.

கீறலின் வடிவமும் பேசும். நீளமான சாய்கோடு என்றால் சக்கரம் நிதானமாக ஏறியிருக்கிறது: பாரம் குறைந்ததா, விளிம்பு தேய்ந்ததா என்று தேட வேண்டும். கீறலே இல்லாமல் வெளிப்பக்கத்தில் அடி மட்டும் இருந்தால் எழும்பிக் குதித்திருக்கிறது. அடையாளமெல்லாம் நடுப்பக்கத்தில் இருந்தால் பாதை விலகி உள்ளே விழுந்திருக்கிறது.

விழுந்த பிறகும் வண்டி உடனே நிற்பதில்லை. முதல் வேகன் கட்டைகளை வெட்டிக்கொண்டே இழுபட்டு வரும். என்ஜினுக்கு ஒன்றும் தெரியாது. தடம் பிரியும் ஏதோ ஒரு பாயிண்டில், ஏதோ ஒரு பாலத்தில் அது மாட்டித் திரும்பி, பிரேக் குழாய் அறுந்த பிறகுதான் எல்லாருக்கும் தெரியும் அந்த இழுப்பு வருகிறது. நின்று பார்த்தால் கண்ணில் படுவது பின்னால் வந்து மோதிக் குவிந்த வேகன்கள்தான்.

ஓய்வுபெற்ற டிராக்மேன் ஒருவர் சொன்னதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு இந்த விஷயத்தின் மேல் தனிப் பிரியம். வண்டி கவிழ்ந்த செய்தி வந்து எல்லாரும் குவியலைப் பார்க்க ஓடினார்களாம். அவர்களுடைய மேஸ்திரி மட்டும் எதிர்த்திசையில் நடந்தார். தலை நிமிராமல், தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு, வெட்டுப்பட்ட கட்டைகளை ஒவ்வொன்றாகக் கடந்து, வெட்டே இல்லாத கட்டை வரும் வரை. அங்கே குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். தண்டவாளத்தின் தலையை உள்ளங்கையால் துடைத்தார். பாக்கெட்டிலிருந்து சாக்பீஸை எடுத்து, கீறல் தொடங்கும் புள்ளியைச் சுற்றி வட்டம் போட்டார்.